இரண்டாவது மைக்

அத்தியாயம் ஒன்பது

கீஈஈஈஈ...

ஒத்திகைக்குத் திறந்த காலி அரங்கம் முழுக்க மைக்கின் ஊளை சுற்றி வந்தது. டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் துணியோடு வாசலுக்கு ஓடினாள்.

கடைசி வரிசைக்குப் பின்னால், ஒலிக் கன்சோலின் முன் உட்கார்ந்திருந்த மகள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எல்லா ஃபேடர்களையும் இரண்டு கைகளாலும் ஒரே இழுப்பில் கீழே இழுத்தாள். ஊளை நின்றது. அப்போதுதான் மேடையைப் பார்த்தாள்.

அப்பா ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் காலடியில், அவரைப் பார்த்தபடி ஒரு ஸ்பீக்கர் பெட்டி.

அவள் ஓடிய வேகத்தில் செருப்பு ஒன்று கழன்று எங்கேயோ போனது.

"அப்பா, முதல்ல அதைக் காதுல போடுங்க!"

"ஏம்மா இப்படி மூச்சு வாங்க ஓடி வர்றே? பெட்டிதானே, பாம்பா?"

"அரங்கத்து ஆளுங்க தெரியாம வெச்சுட்டாங்க. எடுத்துடறேன்."

"இருக்கட்டுமே. அந்தக் காலத்துல இதை வெச்சுக்கிட்டுத்தானே பாடினேன்? என் குரல் வெளியில எப்படிப் போகுதுன்னு நானும் ஒரு தடவை கேட்டுக்கறேன்."

"காதுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல?"

டாக்டர் அப்படி எதுவும் சொன்னதில்லை. சொன்னது மகள்தான். அப்பா உதட்டைப் பிதுக்கிவிட்டு இயர்போனை மறுபடியும் காதுக்குள் திருகிக்கொண்டார். டிரம்ஸ்காரர் எழுந்து வந்து, யாரும் கேட்காமலே அந்தப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனார். போகிற போக்கில் மகளிடம் மெதுவாகச் சொன்னார்.

"பாப்பா, உன் தம்பி இன்னும் வரலை. கவனிச்சியா?"

கவனித்திருந்தாள். அதுதான் இன்றைய பெரிய பயம். பெட்டி அதற்கு அடுத்ததுதான்.

ஒரு காலத்தில் பாடகர்கள் மைக்கிலிருந்து தள்ளி நின்று, கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று முழங்குவார்கள். அப்பா வந்து மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடினார். வரி முடியும் இடத்தில் குரலை முடிக்காமல் மூச்சாகக் கரையவிடுவார். சளி பிடித்தவன் பாடுகிறான் என்று முதலில் சிரித்தார்கள். சிரித்தவர்களே பிறகு அப்படிப் பாடக் கற்றுக்கொண்டார்கள். அவருக்குப் பின் வந்த அத்தனை பாடகர்களிடமும் அந்த மூச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆறு வருடங்களுக்கு முன் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி போனது. கூடவே குரலும் போனது. பேச்சு வரும், பாட்டு வராது. அதை அவரிடம் சொல்ல மனைவிக்கு வாய் வரவில்லை. சரியாகிவிடும், சரியாகிவிடும் என்றே மேடையேற்றினாள். முதல் நிகழ்ச்சியில் குரல் பிசிறி உடைந்தபோது மகள் பதறிப்போய் அவர் மைக்கின் ஃபேடரைக் கீழே இழுத்துவிட்டாள். பின்னால் கோரஸ் பாடிக்கொண்டிருந்த தம்பி, விட்ட வரியை அப்பாவின் குரலிலேயே பிடித்துக்கொண்டான். ஜனங்கள் கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. மேடையின் ஓரத்தில் கறுப்புத் துணிக்குப் பின்னால் தம்பி இரண்டாவது மைக்கோடு நிற்பான். எதிரே ஒரு சின்ன டிவியில் அப்பாவின் முகம் தெரியும். உதடு பிரிவதைப் பார்த்து அவன் வாய் திறக்க வேண்டும். அப்பாவின் வாயை அவருடைய பல் டாக்டரைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். பழைய இசைத்தட்டை ஓடவிட்டுத் தப்பிக்க முடியாது. எந்த வரியை எங்கே இழுப்பார் என்பது பாடும்வரை அவருக்கே தெரியாது.

ஜனங்களுக்குக் கேட்பது தம்பியின் குரல். அப்பாவின் இயர்போனுக்கு மட்டும் அவருடைய சொந்தக் குரல் போகும், மகள் முடிந்த மட்டும் மெருகேற்றி அனுப்புவாள். வாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான்.

போன புதன்கிழமை அவர் ஒரு ரேடியோ பேட்டி கொடுத்தார். "உங்க மகன் உங்க இடத்துக்கு வருவாரா?" என்று கேட்டார்கள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பையன் தங்கமான பையன். பாவம், குரல்தான் இல்ல. கோரஸுக்குப் போதும்."

தம்பி அதைப் பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்டான். பஸ்ஸே சிரித்தது.

*

சாமான் இறக்கும் பின்கதவு வழியாகத்தான் அவன் வந்தான். அங்கேயே அம்மா அவனைப் பிடித்துக்கொண்டாள். கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். அப்பாவின் தொண்டைக்கு என்று ஊருக்குச் சொல்வது. குடிப்பது இவன்.

"எத்தனை தடவை ஃபோன் பண்றது? சட்டையெல்லாம் கசங்கியிருக்கு. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"இந்தா, ரெண்டு வாய் குடி. தொண்டை காஞ்சிருக்கும்."

"வேண்டாம்மா. இன்னிக்குக் கடைசிப் பாட்டை நான் பாடப்போறதில்லை."

அம்மா ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ மூடியாகிவிட்ட பிறகும்.

மகள் ஒற்றைச் செருப்போடு அங்கே வந்து சேர்ந்தாள். "என்னடா சொல்றே?"

"மத்ததெல்லாம் பாடறேன். மழைப் பாட்டு வரும்போது மைக்கைக் கீழே வெச்சுடுவேன். அக்கா, நீ அவர் மைக்கைத் திறந்துவிடு, இல்ல மூடியே வை. எப்படியும் ஜனங்களுக்குத் தெரிஞ்சுடும். தெரியட்டும்."

"பேட்டிக்காகவா இத்தனை கோபம்?" என்றாள் அம்மா. "அப்பா வெகுளித்தனமா ஏதோ சொல்லிட்டாரு. அவருக்கு என்ன தெரியும் பாவம்?"

"பேட்டி கிடக்கட்டும். நேத்து ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். அந்தப் புது இசையமைப்பாளர் அம்மா இருக்காங்கல்ல, அவங்ககிட்ட. பாடிக் காட்டினேன். குரல் பிரமாதம்னாங்க. ஆனா இது உங்கப்பா குரலாச்சே தம்பி, காப்பியடிக்கறேன்னு ஜனங்க சிரிப்பாங்களே, இதுக்கு அவரையே கூப்பிட்டுப் பாட வெச்சுடலாமேன்னாங்க."

மகளுக்குச் சிரிப்பு வருவதுபோல் இருந்தது.

"சரி, உன் சொந்தக் குரல்ல ஒண்ணு பாடுன்னாங்க. வாயைத் திறந்தேன்." தம்பி நிறுத்தினான். "எதுன்னு தெரியலக்கா. தேடிப் பார்த்தேன். எங்க தொட்டாலும் அவர்தான் வர்றார். இன்னும் கொஞ்ச நாள் போனா நான் இருமினாக்கூட அவர் இருமற மாதிரி இருக்கும்."

"இன்னிக்கு ஒரு நாள்..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"ஆறு வருஷமா இன்னிக்கு ஒரு நாள்தாம்மா."

"அந்த மனுஷன் செத்துடுவாருடா."

"அப்ப நான்?"

"உனக்கென்ன, சின்ன வயசு. இன்னும் எவ்வளவோ காலம் இருக்கு."

அவன் அம்மாவையே பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அக்கா தன் ஒற்றைச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே போனான்.

"நீ சொன்னா கேப்பான்," என்றாள் அம்மா.

"நான் என்னத்தைம்மா சொல்றது? அன்னிக்கு ஃபேடரை இழுத்ததே நான்தானே."

*

மேடையில் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார். மகன் கறுப்புத் துணியை விலக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டார்.

"வந்துட்டாருய்யா துரை! கோரஸுக்கே இந்தக் கிராக்கின்னா, பாட்டே பாடியிருந்தா நம்மளையெல்லாம் வாசல்ல நிக்க வெச்சிருப்பான்."

கீபோர்டுக்காரர் சிரித்துவைத்தார். டிரம்ஸ்காரர் சிரிக்கவில்லை, நட்டை முடுக்குவதுபோல் குனிந்துகொண்டார்.

"நேத்து எங்கயோ பாடிக் காட்டப் போனியாமே?"

தம்பி திரும்பினான். "யார் சொன்னா?"

"இந்தத் தொழில்ல எவன் தும்மினாலும் எனக்குக் கேக்கும். என்ன சொன்னாங்க?"

"அப்பா மாதிரியே இருக்குன்னாங்க."

அப்பா ஸ்டூலிலிருந்து விழுந்துவிடுவார்போல் சிரித்தார். "முதல்ல அந்தம்மாவைக் காது டாக்டர்கிட்டப் போகச் சொல்லு!"

தம்பியும் சிரித்தான். மேடையின் அந்தக் கோடியில் இருந்தவர்களுக்கு அப்பனும் மகனும் கொஞ்சிக்கொள்வதுபோலத்தான் தெரிந்திருக்கும். இரண்டு சிரிப்பும் ஒரே மாதிரி இருந்தது.

*

பிற்பகல் நிகழ்ச்சி. அரங்கம் நிரம்பி, ஓரங்களிலும் ஆட்கள் நின்றார்கள். நரைத்த தலைகள் பாதி, அவர்களுடைய பிள்ளைகள் பாதி. இந்தப் பாட்டுகளைக் கேட்டுக் காதலித்தவர்களும், அந்தக் காதலில் பிறந்தவர்களும்.

தம்பி பாடினான். மகளின் விரல் முதல் பாட்டிலிருந்தே அப்பா மைக்கின் ஃபேடரை விட்டு நகரவில்லை. அவனோ என்றைக்கும் இல்லாத அழகோடு பாடினான். பல்லவிக்குத் திரும்பி வரும்போது அப்பா இழுத்தால் இழுத்தான், விட்டால் விட்டான். வரியின் முடிவில் குரல் மூச்சாகக் கரைந்தபோது முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

'பாடிவிடுவான்,' என்று மகள் நினைத்தாள். 'கோபத்தில் சொன்னது. கடைசியில் பாடிவிடுவான்.'

மழைப் பாட்டு தொடங்கியது. கிட்டார் ஒலித்த உடனேயே அரங்கம் எழுந்தது. இரண்டாவது சரணத்தின் முடிவில், குரல் படிப்படியாக ஏறி, உச்சியில் போய் நிற்கும் ஓர் இடம் உண்டு. அந்த ஒரு வரிக்காகவே டிக்கெட் எடுப்பவர்கள் இருந்தார்கள். முதல் சரணம் போனது. இரண்டாவது சரணம் வந்தது. தம்பி பாடிக்கொண்டுதான் இருந்தான்.

அந்த வரி வந்தது.

அப்பா கண்ணை மூடி, கழுத்தைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்தார்.

ஒன்றும் வரவில்லை.

டிரம்ஸ் போய்க்கொண்டிருந்தது, கிட்டார் போய்க்கொண்டிருந்தது, நடுவில் ஒரு பெரிய வாய் மட்டும் சத்தமில்லாமல் திறந்து மூடியது. மகள் மேடை ஓரத்தைப் பார்த்தாள். கறுப்புத் துணி அசையவில்லை. இரண்டாவது மைக்கின் விளக்கு கன்சோலில் செத்துக் கிடந்தது.

ஜனங்கள் ஒருவரையொருவர் பார்க்கத் தொடங்கினார்கள். மூடியே வைத்தால் வாயசைக்கிறார் என்று தெரிந்துவிடும். திறந்துவிட்டால் அந்தக் குரல் தெரிந்துவிடும். யோசிக்க ஒரு வரி நேரம்கூட இல்லை. ஆறு வருடங்களுக்கு முன் கீழே இழுத்த ஃபேடரை அவள் மேலே தள்ளினாள்.

அரங்கம் முழுக்க அப்பாவின் குரல் கேட்டது. அதைக் குரல் என்று சொல்ல முடியாது. காய்ந்த பலகையை ரம்பம் அறுப்பதுபோல் இரண்டு சொல் வந்தது. மூன்றாவது சொல் பாதியில் நின்றது. பிறகு வெறும் காற்று.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் கூச்சல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று காத்திருந்தாள்.

வந்தது அழுகை.

முன்வரிசையில் ஒரு பெண் விம்மினாள். பின்னால் யாரோ அந்த வரியைத் தானே எடுத்துப் பாடினார். பக்கத்தில் இருந்தவர் சேர்ந்துகொண்டார். ஒரு வரிசை, இன்னொரு வரிசை, மாடி... அரங்கமே அந்த வரியைத் தூக்கி அவருக்குக் கொடுத்தது. அவர் மைக்கை ஜனங்கள் பக்கம் நீட்டினார். கண்ணில் நீர் வழிந்தது.

கைதட்டல் ஓயவே இல்லை. மகளுக்கு முன்னால் நின்ற ஓர் இளைஞன் தன் தோழியிடம் கத்தினான்.

"அழுகை தாங்காம ஒரு வரி பாட முடியாம நின்னாரு பாரு! இப்போ பாடறவனுங்கள்ல எவனாலயாவது இப்படிப் பாட முடியுமா?"

*

பின்கதவருகே தம்பியைப் பிடிப்பதற்குள் அவன் பையைத் தோளில் மாட்டியிருந்தான். வெளியே இன்னும் வெயில் இருந்தது. கதவிடுக்கு வழியாகக் கைதட்டல் இங்கேயும் கேட்டது.

"டேய், நில்லு."

"கேட்டியாக்கா?" அவன் குரலில் கோபம்கூட இல்லை. "ஆறு வருஷம் நான் பாடினதும் அவர் பாடினதாச்சு. இன்னிக்கு நான் பாடாம நின்னதும் அவர் பாடினதாயிடுச்சு. இதுக்கு மேல நான் என்ன பண்ண முடியும் சொல்லு?"

"எங்கடா போறே?"

"யாரும் பாட்டுக் கேக்காத இடமாப் பார்த்து."

"அப்படி ஒரு இடம் இருக்கா?"

"இருந்தா உனக்கும் சொல்றேன்." ஒரு நொடி சிரித்தான். அப்பாவின் சிரிப்பு. அது அவனுக்கே கேட்டிருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டான். "என் மேல கோபமா இருக்கியா?"

"இல்ல."

"பின்ன ஏன் அழறே?"

"நீ நிறுத்துவேன்னு நான் நம்பல. பாடிடுவேன்னு நினைச்சேன். வேண்டிக்கிட்டேன்கூட. அதான்."

அவன் தலையை ஆட்டினான். அக்காவின் காலைப் பார்த்தான். "முதல்ல செருப்பைத் தேடு. ஆணி கீணி குத்தப்போகுது," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனான். அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது?

*

ஒப்பனை அறையில் அப்பா கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தார். அம்மா ஈரத்துண்டால் அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்த்ததும் அம்மாவின் கண் கேட்டது. மகள் இல்லை என்று தலையசைத்தாள். அம்மாவின் கை ஒரு கணம் நின்று, மறுபடியும் துடைத்தது.

"வெளியில கேட்டியா?" என்றார் அப்பா. பாடியதால் குரல் இன்னும் கரகரத்தது. "எந்திரிச்சு நின்னே தட்டறாங்க. நிறுத்தவே மாட்டேங்கறாங்க."

"கேட்டேன்பா."

"அந்த வரியில கொஞ்சம் தடுமாறிட்டேன். நல்லதாப் போச்சு."

டிரம்ஸ்காரர் தலையை நீட்டினார். "அண்ணி, வாசல்ல ஒரே கூட்டம். அண்ணனைப் பார்க்கணும்னு சொல்றாங்க. நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொன்னா கலைஞ்சிடுவாங்க."

அம்மா துண்டை நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு எழுந்தாள். போகும்போது மகளின் தோளைத் தொட்டாள். அதில் கெஞ்சல் இருந்தது. 'எதுவும் சொல்லிவிடாதே.'

கதவு சாத்திக்கொண்டது.

அப்பா இயர்போன்களைக் கழற்றி மேஜையில் வைத்தார். வெளியே அவர் பெயரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்தார்.

மகள் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். இன்று இல்லாவிட்டால் எப்போதும் இல்லை. தம்பி போன தெருவில் வெயில் இறங்குவதற்குள் அவனுக்காக ஒன்றாவது செய்தாக வேண்டும். அவன் பாடியதை அவன் பாடியதாக ஒருவராவது, இவராவது, தெரிந்துகொள்ள வேண்டும்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது. பதறவும் கூடாது."

"சொல்லு."

"தம்பி போயிட்டான். இனிமே வரமாட்டான்."

அவர் கண்ணாடியில் தன் வாயைக் கொஞ்சம் திறந்து, மூடிப் பார்த்துக்கொண்டார்.

"அப்பா, அவன் வெறும் கோரஸ் இல்ல..."

அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார். குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல், அந்தப் பழைய மூச்சு தோய்ந்த குரலில் கேட்டார்.

"போகட்டும் விடும்மா... இத்தனை வருஷமா அந்தத் துணிக்குப் பின்னாடி நின்னு எனக்காக அவன் பாடினதையெல்லாம் தனியாப் பதிவு பண்ணி வெச்சிருக்கேல்ல?"